உப்புத் தண்ணியும் ஒன்பது வோல்ட் பேட்டரியும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, "எனக்குக் கவிதை எல்லாம் வராது அண்ணே" என்றுதான் முதலில் சொன்னேன். "வராததை ஏன் எழுதுற? தெரிஞ்சதை எழுது" என்றார். எனக்குத் தெரிந்தது இரண்டு விஷயம். ஒன்று உப்பு. இன்னொன்று, போன வருஷம் செமினாரில் நான் பட்ட அவமானம். இந்த இரண்டும் எப்படி ஒன்றாகச் சேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நானே இப்போது சிரிக்கிறேன்.

செமினாருக்கு நான் எடுத்த தலைப்பு "வருங்கால எரிபொருள் ஹைட்ரஜன்". போனில் தேடி, கிடைத்ததை எல்லாம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். பிரபஞ்சத்தில் அதிகமாக இருக்கும் தனிமம் ஹைட்ரஜன். எரித்தால் புகை வராது, தண்ணீர்தான் வரும். பெட்ரோல் தீர்ந்தாலும் ஹைட்ரஜன் தீராது. இப்படி மடமடவென்று சொல்லிக்கொண்டே போனேன். வகுப்பு கை தட்டியது. நானும் பெருமையாக சாரைப் பார்த்தேன்.

சார் கேட்டார்: "எல்லாம் சரிம்மா. பழுப்பு நிலக்கரியை நெய்வேலியில தோண்டுறாங்க. கச்சா எண்ணெயை நரிமணத்துல எடுக்கிறாங்க. உன் ஹைட்ரஜனை எந்த ஊர்ல தோண்டுவே?"

"தண்ணீர்ல இருந்து சார்..."

"தண்ணீர்ங்கிறது ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச ஹைட்ரஜன். சாம்பலைத் திரும்ப விறகாக்கணும்னா சும்மா ஆகுமா?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. கண்ணில்தான் தண்ணீர் வந்தது. அதிலும் ஹைட்ரஜன் இருக்கிறது என்று பின் பெஞ்சில் ஒருவன் சொன்னான். அவன் பெயரை இங்கே எழுதவில்லை, பிழைத்துப் போகட்டும்!

வீட்டில் நடந்த விபரீதம்

அந்த வாரம் ஊருக்குப் போனபோது, எப்படியும் ஹைட்ரஜனை நானே எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று வெறி. எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் உப்பளத்தில் கூலி வேலை. வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்று இருட்டோடு கிளம்பிப் போவார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் நான் என்ன செய்தாலும் "பிள்ளை படிக்குது" என்று விட்டுவிடுவார்கள். அது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்பது வோல்ட் பேட்டரி, இரண்டு துண்டு வயர், இரண்டு பக்கமும் சீவிய இரண்டு பென்சில், ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். நல்ல தண்ணீரில் கரண்ட் ஒழுங்காகப் போகவில்லை. குமிழியே காணோம். உப்புப் போட்டால் கரண்ட் போகும் என்று படித்திருக்கிறோம் இல்லையா? எங்கள் வீட்டில் உப்புக்கா பஞ்சம்! ஒரு கைப்பிடி கல் உப்பை அள்ளிப் போட்டேன். நெகட்டிவ் பக்கத்தில் நுரை நுரையாகப் பொங்கியது. அம்மா பார்த்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு, முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன்.

மூக்கில் சுர்ரென்று ஏறியது. கண் எரிந்தது. நிற்காத இருமல். பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் தலையில் கொட்டிய மாதிரி வாடை. அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஏட்டி, என்னத்தட்டி பண்ணித் தொலைச்சே? வீடு ஆஸ்பத்திரி கக்கூஸ் மாதிரி நாறுது!" என்று டம்ளரைத் தூக்கித் தெருவில் ஊற்றிவிட்டாள்.

திங்கட்கிழமை சாரிடம் பயந்து பயந்து சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முதலில் திட்டினார். பிறகு போர்டில் எழுதினார். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் ஹைட்ரஜன் வரும். இன்னொரு பக்கம் ஆக்சிஜனுக்குப் பதிலாக குளோரின் வரும். தண்ணீரில் காஸ்டிக் சோடா தங்கும். "நீ கட்டினது ஹைட்ரஜன் பிளான்ட் இல்லம்மா, குளோர் ஆல்கலி பிளான்ட். அதுவும் ஜன்னல் இல்லாத ரூம்ல!" என்றார். முதல் உலகப் போரில் 1915-ல் போர்க்களத்தில் வீரர்கள் மேல் திறந்துவிடப்பட்ட விஷவாயு இந்தக் குளோரின்தான். தயவுசெய்து யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். நம் லேபில் ஹாஃப்மன் வோல்டாமீட்டரில் ஏன் உப்புப் போடாமல் நீர்த்த கந்தக அமிலம் ஊற்றுகிறார்கள் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அதில் ஒரு பங்கு ஆக்சிஜனுக்கு இரண்டு பங்கு ஹைட்ரஜன் சுத்தமாக ஏறி நிற்கும்.

சார் இன்னொன்றும் சொன்னார். "உங்க அப்பா வாருற உப்பு எல்லாம் சாம்பாருக்குப் போகுதுன்னு நினைச்சியா? நிறைய கெமிக்கல் கம்பெனிக்குத்தான் போகுது." கணக்கும் போட்டுக் காட்டினார். ஏறக்குறைய ஒன்றரை டன் உப்பை உடைத்தால் ஒரு டன் காஸ்டிக் சோடா. கூடவே 25 கிலோ ஹைட்ரஜன் தானாக வருகிறது.

இதை அப்பாவிடம் சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு, "அப்போ இத்தனை வருசமா நான் வாருனது ஹைட்ரசனாட்டி?" என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான், இந்த விஷயத்தை மனப்பாடம் செய்யாமல் ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கிணறா, குடமா?

நண்பர்களே, நான் செமினாரில் செய்த தப்பு இதுதான். ஹைட்ரஜனை ஒரு கிணறு என்று நினைத்தேன். அது குடம். கிணற்றில் தண்ணீர் இருந்தால்தான் குடத்தில் வரும். கிணறு என்பது காற்று, சூரியன், அணை, நிலக்கரி இப்படி ஏதோ ஒன்று. (மாலி நாட்டில் ஒரு கிராமத்தில் நிலத்துக்கு அடியிலிருந்தே வரும் ஹைட்ரஜனை எரித்து மின்சாரம் எடுத்திருக்கிறார்கள் என்று பிறகு கண்டுபிடித்து சாரிடம் சொன்னேன். "பரவாயில்லையே, ஒரு ஊர் கண்டுபிடிச்சிட்டியே" என்று தட்டிக் கொடுத்தார். ஆனால் உலகம் முழுக்க ஓடும் அளவுக்கு அது இன்னும் வரவில்லை.)

இப்போது உலகம் ஹைட்ரஜனை எப்படி எடுக்கிறது? 2023-ல் உலகம் முழுவதும் உபயோகித்த ஹைட்ரஜன் சுமார் 9.7 கோடி டன். அதில் கார்பன் குறைவான வழியில் வந்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பகுதி இயற்கை வாயுவையும் நீராவியையும் சேர்த்து எடுப்பது. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஒன்பது, பத்து கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும். இதற்கு "சாம்பல் ஹைட்ரஜன்" என்று பெயர். வண்டியின் சைலன்சரில் தண்ணீர் சொட்டும், உண்மைதான். ஆனால் புகை முன்னாடியே ஆலையில் போய்விட்டது.

சரி, தண்ணீரையே கரண்ட் வைத்து உடைப்போம் என்றால் அந்தக் கரண்ட் யாருடையது என்று பார்க்க வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க இன்றைய மெஷினில் 50 முதல் 55 யூனிட் ஆகிறது. நிலக்கரியில் எடுத்த மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 50 கிலோ! இயற்கை வாயு வழியைவிட ஐந்து மடங்கு மோசம். அதனால்தான் 2023 ஆகஸ்டில் நம் மத்திய அரசு ஒரு வரையறை வைத்தது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு போனால் அதைப் பச்சை ஹைட்ரஜன் என்று சொல்லக் கூடாது.

இன்னொரு கணக்கு. 100 யூனிட் மின்சாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே போட்டால் சுமாராக இரண்டு கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும். அதைத் திரும்ப எரிபொருள் கலத்தில் போட்டு மின்சாரமாக்கினால் 35 யூனிட் வந்தால் பெரிய விஷயம். அதே 100 யூனிட்டை பேட்டரியில் போட்டு எடுத்தால் 85-க்குக் குறையாது. ஆகவே ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் ஹைட்ரஜன் வேண்டும் என்று யாராவது பேசினால், 65 யூனிட்டை யார் கொடுப்பது என்று கேளுங்கள். (செமினாரில் நான் ஹைட்ரஜன் ஸ்கூட்டர் படம் வேறு காட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.)

அப்படியானால் ஹைட்ரஜன் வேண்டாமா? வேண்டும். பேட்டரியால் முடியாத இடத்தில் வேண்டும். உரத்துக்கு அமோனியா வேண்டும், அமோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். அதை எந்த பேட்டரியும் தராது. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க இப்போது கரி போடுகிறோம். அந்த வேலையை ஹைட்ரஜனும் செய்யும். சுவீடன் நாட்டில் அப்படிச் செய்த இரும்பை 2021-ல் ஒரு வண்டிக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார்கள். கப்பல், நெடுந்தூர ரயில், பல நாளைக்குச் சேமித்து வைக்க வேண்டிய மின்சாரம் இவற்றுக்கும் முயற்சி நடக்கிறது. நம் சென்னை ஐ.சி.எஃப்-பில் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். நம் நாட்டில் ஏற்கெனவே வருஷத்துக்கு சுமார் 50 லட்சம் டன் ஹைட்ரஜன் செலவாகிறது, பெரும்பாலும் உர ஆலைகளிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும். முதலில் அந்தச் சாம்பலைப் பச்சையாக்கினாலே பெரிய காரியம் என்பது என் தாழ்மையான கருத்து.

இது புதுசு இல்லை

இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள். உண்மை அப்படி இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து தேடியதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஒருவர் கிடைத்தார். பெயர் போல் லா கூர். டென்மார்க்கில் ஆஸ்கோவ் என்ற கிராமத்துப் பள்ளி வாத்தியார். 1891-ல் பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே காற்றாலை வைத்து, அந்த மின்சாரத்தில் தண்ணீரை உடைத்து, ஹைட்ரஜனைத் தொட்டியில் சேர்த்துவைத்தார். 1895 முதல் 1902 வரை பள்ளிக்கூடத்துக்கு அந்த ஹைட்ரஜன் விளக்குதான் வெளிச்சம். காற்று அடிக்கும்போது பிடித்துவைத்து, அடிக்காதபோது எரிப்பது. இன்றைக்குப் பெரிய பெரிய மாநாட்டில் பேசுவதை அன்றைக்கே ஒரு கிராமத்து வாத்தியார் செய்து காட்டிவிட்டார்.

ஆனால் ஹைட்ரஜனில் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்துபோய், பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடிகள் பல தடவை வெடித்துச் சிதறி, மாற்ற வேண்டி வந்ததாம்! இதைப் படித்ததும் எனக்கு அவர் மேல் பாசமே வந்துவிட்டது. என் டம்ளரும் அவர் ஜன்னலும் ஒரே ஜாதி.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் நமக்கு முக்கியம். 1904 முதல் கிராமத்துப் பையன்களுக்கு மின்சார வேலை சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி நடத்தினார். அந்த முதல் வகுப்பில் படித்த நம் வயதுப் பையன் ஒருவன், யொஹானஸ் யூல். அவர் பெரியவராகி 1957-ல் கெட்சர் என்ற இடத்தில் 200 கிலோவாட் காற்றாலை கட்டினார். இன்றைக்கு நம் முப்பந்தலில் மூன்று இறக்கையோடு சுற்றுகிறதே, அந்த மாதிரிக் காற்றாலைகளுக்கு அது ஒரு முன்னோடி. ஆக, காற்றாலையின் சரித்திரத்தில் நம்மைப் போல் தொழில் படித்த ஒரு பையன் இருக்கிறான். நினைத்தாலே தெம்பாக இருக்கிறது.

நம் நாட்டிலும் கதை உண்டு. பஞ்சாபில் நங்கல் என்ற ஊரில் 1960-களின் தொடக்கத்திலேயே, பக்ரா அணை மின்சாரத்தில் தண்ணீரை உடைத்து ஹைட்ரஜன் எடுத்து, அதிலிருந்து உரம் செய்தார்கள். கூடவே அணுமின் நிலையத்துக்கு வேண்டிய கனநீரும் எடுத்தார்கள். பச்சை ஹைட்ரஜன் என்ற பெயர்தான் அப்போது இல்லை! பிறகு ஆலையைப் பெரிதாக்கியபோது எரி எண்ணெய் வழிக்குப் போய்விட்டார்கள். மின்சாரத்துக்கு வேறு தேவைகள் கூடிக்கொண்டே போகும்போது, அதைத் தண்ணீரில் விட மனசு வருமா? மறுபடியும் கிணறும் குடமும்தான்.

எங்கள் பக்கத்திலும் காற்றுக்குக் குறைவில்லை. நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில்தான் வந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று அள்ளிக் கொடுக்கும். மற்ற மாதம் கெஞ்ச வைக்கும். அள்ளிக் கொடுக்கும்போது பிடித்துவைக்க ஒரு குடம் வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது.

2023 ஜனவரியில் மத்திய அரசு தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030-க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. ஆறு லட்சம் பேருக்கு வேலை என்றும் சொல்லியிருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் எங்கள் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்திலேயே ஒரு மாதிரி ஆலையைத் தொடங்கினார்கள். செலவு 3.87 கோடி ரூபாய். மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன். எடை போட்டால் ஒரு கிலோகூட இல்லை, 900 கிராம்தான். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் வண்டி சார்ஜ் போடவும் அது உதவுகிறது. சின்னதுதான். ஆஸ்கோவ் பள்ளிக்கூடத்து விளக்கும் சின்னதுதானே!

அம்மாவின் கேள்வி, அப்பாவின் கேள்வி

இதை எல்லாம் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்: "குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல, தண்ணிய உடைச்சுக் காத்தாக்கப் போறாங்களாக்கும்?"

குழாயடியில் குடம் வரிசை போட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கேள்வி சாரின் கேள்வியைவிடப் பலமாகக் குத்தியது. அன்றைக்கே நோட்டில் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர். 50 லட்சம் டன்னுக்கு வருஷத்துக்கு 4,500 கோடி லிட்டர். ஒரு நாளைக்கு 12 கோடி லிட்டருக்கு மேல். சென்னை மீஞ்சூரில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையின் கொள்திறன் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். குளிர்விக்க, சுத்தம் செய்ய என்று சேர்த்தால் இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட ஆகும். நாடு முழுவதற்கும் பார்த்தால் இது மலைக்கும் அளவு இல்லை. ஆனால் ஒரே ஊரில் பத்து ஆலை வந்து ஆற்றிலும் போரிலும் உறிஞ்சினால் அந்த ஊர் தாங்காது.

ஆகவே கடலில்தான் எடுக்க வேண்டும். ஆனால் கடல் தண்ணீரை அப்படியே மெஷினில் விட முடியாது. விட்டால் என்ன ஆகும் என்று என்னிடம் கேளுங்கள், என் மூக்குக்குத் தெரியும்! உப்பை நீக்கி, மினரல் எல்லாம் நீக்கி, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் மாதிரி ஆக்கித்தான் விட வேண்டும். அதற்குச் செலவு அதிகமோ என்று பயந்தேன். இல்லை. ஆயிரம் லிட்டர் கடல் தண்ணீரைச் சுத்தம் செய்ய மூன்று, நாலு யூனிட்தான். அந்த ஆயிரம் லிட்டரில் வரும் ஹைட்ரஜனை எடுக்க ஐயாயிரம் யூனிட்டுக்கு மேல் வேண்டும். யானைக்கு முன்னால் எறும்பு.

"அம்மா, குடிதண்ணிய எடுக்க மாட்டாங்க, கடல்ல எடுத்துச் சுத்தம் பண்ணுவாங்க" என்றேன். அப்பா அதுவரை பேசவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டார்: "நல்ல தண்ணி மிசினுக்குப் போயிரும். மிச்ச உப்புத் தண்ணி எங்கன போவும்?"

"கடலுக்கே விட்டுருவாங்கப்பா. ரெண்டு மடங்கு உப்பா இருக்கும். மீனுக்கு ஆகாதுன்னு சொல்லுறாங்க."

"ரெண்டு மடங்குன்னா எத்தனை டிகிரி?"

எனக்கு முதலில் புரியவில்லை. உப்பளத்தில் தண்ணீரின் உப்பை டிகிரியில்தான் சொல்வார்கள். எடை கட்டிய கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பது. நாம் லேபில் ஹைட்ரோமீட்டர், போமே ஸ்கேல் என்று படித்ததேதான் அது. கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி. பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் வற்றி, இருபத்தைந்து டிகிரி வந்தால்தான் உப்பு விளையும். நான் கணக்குப் போட்டு, "ஆறு, ஆறரை இருக்கும்பா" என்றேன்.

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அட பைத்தியாரி! கடல் தண்ணி பாய்ச்சுற அளத்துக்கு அதைக் கொடுத்தா, பாதி வெயில் மிச்சமாச்சேட்டி! அதையா கடல்ல கொண்டு ஊத்துவாங்க?"

நண்பர்களே, எந்தப் புத்தகத்திலிருந்தும் எனக்கு இப்படி ஒரு வெளிச்சம் கிடைத்ததில்லை. அடுத்த வாரமே மொட்டை மாடியில் சோதனை வைத்தோம். ஒரே அளவில் இரண்டு தட்டு. ஒன்றில் நாலு லிட்டர் கடல் தண்ணீர். இன்னொன்றில், அதே நாலு லிட்டரை அடுப்பில் வைத்துப் பாதியாகச் சுண்டவைத்த இரண்டு லிட்டர். இரண்டிலும் உள்ள உப்பு ஒரே அளவுதான். அப்பா குழாயை விட்டுப் பார்த்து "மூணு, ஆறரை" என்றார். சுண்டவைத்த தட்டில் இரண்டாம் நாள் சாயங்காலமே உப்பு பூத்தது. மற்றதில் ஐந்தாம் நாள். இதையே இந்த வருஷம் நாங்கள் மூன்று பேர் புராஜெக்டாக எடுத்திருக்கிறோம். கடல் நீர் ஆலையில் குழாய் அடைக்காமல் இருக்கச் சேர்க்கும் மருந்து அந்தக் கழிவில் இருக்குமே, உப்பில் அது எவ்வளவு ஏறும் என்றும் பார்க்க வேண்டும் என்று சார் சொல்லியிருக்கிறார். சரிதான், சாப்பிடுகிற சாமான் ஆயிற்றே.

அன்று ராத்திரி படுக்கும்போது அப்பா இன்னொன்றும் கேட்டார். "ஆல வரட்டும். அளம் இருக்குமா?" ஆலைக்கு இடம் வேண்டும், சோலார் தகடு பரப்ப இடம் வேண்டும். சமதளமாக, வெயில் நன்றாக விழும் இடம் என்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது உப்பளம்தான். அந்தக் கேள்விக்கு என் நோட்டில் கணக்கு இல்லை. ஆலையின் வரைபடம் போடும் அறையில், "இந்த இடத்தில் ஆள் வேலை செய்கிறான்" என்று சொல்ல ஒருவர் இருந்தால்தான் அதற்கு நல்ல பதில் வரும். அந்த ஒருவர் நம்மில் யாராகவும் இருக்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

ஹைட்ரஜன் ஆலையில் விஞ்ஞானி நாலு பேர் இருப்பார். வால்வைத் திறப்பதும், லீக் பார்ப்பதும், ரெக்டிஃபயரைக் கவனிப்பதும், ராத்திரி ஷிப்டில் அலாரம் அடித்தால் ஓடுவதும் டிப்ளமோ படித்தவன்தான், படித்தவள்தான். ஹைட்ரஜனுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை இருந்தால் தீப்பிடிக்கும். பகலில் அந்தத் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும் குணமும் உண்டு. 1937-ல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து 36 பேர் செத்தது நமக்குத் தெரியும். ஆனால் முறை தெரிந்தவன் கையில் அது சமர்த்து. உர ஆலைகளில் எத்தனையோ வருஷமாக அதைப் பழக்கி வைத்திருக்கிறார்களே! ஆறு லட்சம் வேலை என்கிறார்கள். அது காவல், துப்புரவு, மூட்டை தூக்குதல் என்று மட்டும் நம் ஊருக்கு வந்து, மெஷின் பக்கத்து வேலைக்கு வெளியூர் ஆள் வரக் கூடாது என்றால், நாம் இப்போதே படிக்க வேண்டும். எலக்ட்ரிகல், மெக்கானிகல், கெமிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

கடைசியாக ஒன்று. ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர், "பிள்ளை டிகிரி படிக்கலியா, வெறும் டிப்ளமோவா?" என்று அப்பாவிடம் கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்:

"டிகிரி பாக்குறது என் வேலை. அதை வச்சு என்ன செய்யலாம்னு பாக்குறது என் மகள் வேலை."

அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும். அதற்காகத்தான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் வாருங்கள், சேர்ந்து படிப்போம்.